சம்பந்தி வீட்டுச் சுவரில் பச்சை வேலைப்பாடு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மலைவீட்டில் தங்கள் தயவில் குடியிருப்பவன் பணிவான வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். என் மனைவி நலம். சுவர்களுக்குத்தான் கொஞ்ச காலமாக உடம்பு சரியில்லாமல் இருந்து, இப்போது தேறி வருகின்றன. அங்கு தங்களுடைய நலமும், மாப்பிள்ளை, எங்கள் பெண் இருவருடைய நலமும் அறிய ஆவல். தங்கள் மூக்குக்கண்ணாடி மறுபடியும் காணாமல் போய்விட்டதாகவும், தேடவும் மாட்டேன், புதிது வாங்கவும் மாட்டேன் என்று தாங்கள் உட்கார்ந்திருப்பதாகவும் பெண் சொன்னாள். ஆகவே இந்தக் கடிதத்தை அவள்தான் தங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெண்ணே, நிறுத்தி நிதானமாகப் படி. "இதை விட்டுவிடு" என்று எழுதியிருக்கும் இடங்களை மட்டும் விட்டுவிடு.

முதலில் நன்றி. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் அடுக்குமாடி வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று கட்டடக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு போனார். இடிப்பதை மட்டும் சுறுசுறுப்பாகச் செய்தார். மூட்டை முடிச்சோடு நாங்கள் நடுத்தெருவில் நிற்கிற நிலையில், நாங்கள் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே தாங்கள்தான் சொன்னீர்கள்: "மலையில வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கு. வீட்டுக்காரி தவறினதுக்கு அப்புறம் நான் அந்தப் பக்கம் போகல. இனிமேலும் போறதா இல்ல. நீங்க போய் இருங்க சம்பந்தி. எதையும் சிரமப்பட்டு மாத்த வேண்டாம், எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஜன்னலை மட்டும் திறந்துடாதீங்க, மேகம் உள்ள வந்துடும்." இந்தக் காலத்தில் யார் இப்படிச் சொல்வார்கள்? உடன்பிறந்தவர்களே வீட்டில் வெள்ளையடிக்கிறோம், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று போனை வைத்துவிட்டார்கள். தாங்கள் செய்த இந்த உதவியை நாங்கள் உயிருள்ளவரை மறக்க மாட்டோம். ஆனால் தாங்கள் இதைக் கேட்டுவிட்டு, என்ன ஆயிற்றோ ஏதாயிற்றோ என்று பதறி இங்கே கிளம்பி வர வேண்டிய அவசியம் எள்ளளவும் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வரவே வேண்டாம்.

போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நாம் இருவரும் பேசுகிற அழகு தங்களுக்கே தெரியும். நான் "சௌக்கியமா சம்பந்தி" என்பேன், தாங்கள் "உங்க புண்ணியத்துல" என்பீர்கள், நான் "எல்லாம் உங்க நல்ல மனசு" என்பேன், தாங்கள் "அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்பீர்கள், அதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கி போனைப் பெண்ணிடம் கொடுத்துவிடுவோம். சொந்த அண்ணன் வீடாக இருந்தால் வந்த அன்றைக்கே "என்னடா வீடு வச்சிருக்க நீ" என்று ஒரு பாட்டம் கத்தி முடித்திருப்பேன். சம்பந்தியிடம் எப்படிக் கத்துவது? அதனால்தான் எழுத்தில் இறங்கியிருக்கிறேன். "தாங்கள்" என்று எழுதி எழுதி இப்போதே விரல் மரத்துப்போகிறது. இனிமேல் "நீங்கள்" என்றே எழுதுகிறேன். மரியாதை மனதில் இருக்கிறது.

நான் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் முடியெல்லாம் கொட்டுகிற வரை உட்கார்ந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் வரவில்லை, தண்ணீர் வரவில்லை என்று ஊரே வந்து கதறும், நான் எழுதிக்கொள்வேன். அப்படிப்பட்டவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகு, குழாயே இல்லாமல் சுவரிலிருந்து தண்ணீர் வருகிற வீடு கிடைத்திருக்கிறது. மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னாலும் அது உத்தரவு என்று பழகியவன் நான். "எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்று நீங்கள் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். வந்த அன்று என் மனைவி ஒரு நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். "எழுந்திரு, அது சம்பந்தி போட்ட இடம்" என்று சொல்லி மறுபடியும் மூலையிலேயே கொண்டுபோய் வைத்தேன். அவள் இருட்டில் உட்கார்ந்து பொறுக்கினாள். அன்று சாப்பாட்டில் கல் இருந்தது. அதையும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படுக்கையறையில் கட்டில் தலைமாட்டுச் சுவரில் இளம்பச்சையில் படர்ந்தாற்போல் ஒரு வேலைப்பாடு இருந்தது. ஓரமெல்லாம் கொஞ்சம் கறுப்பு, நடுவில் பச்சை, அங்கங்கே வெள்ளைப் புள்ளி. சம்பந்தியம்மாவுக்கு நல்ல ரசனை, ஆள் வைத்து வரைந்திருக்கிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். அந்த வாரம் உங்களிடம் போனில் "சுவர்ல அந்தப் பச்சை வேலைப்பாடு ரொம்ப அம்சமா இருக்கு சம்பந்தி" என்று சொன்னேன். நீங்களும் ஒரு நொடி யோசித்துவிட்டு, "அப்படியா, சந்தோஷம்" என்றீர்கள். என்ன வேலைப்பாடு, எந்தச் சுவர் என்று நீங்கள் கேட்டிருக்கலாம். சம்பந்தி புகழ்கிறார், மறுத்துப் பேசினால் என்ன நினைப்பாரோ என்று கேட்கவில்லை. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பிறகு ஒரு நாள் காலை என் மனைவி காபித் தம்ளரோடு சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஏங்க, போன வாரம் இந்தப் பூ தலைமாட்டுலதானே இருந்துச்சு?"

"ஆமா."

"இப்ப சுவிட்சு போர்டு கிட்ட இருக்கு."

"நீ சரியா கவனிச்சிருக்க மாட்ட."

"பூ நடந்து போயிருக்குங்க. இது வரைஞ்சது இல்ல. பூசணம்!"

அப்போதும் நான் நம்பவில்லை. நீங்களே போனில் சந்தோஷம் என்று ஒப்புக்கொண்டது எப்படிப் பூசணமாக முடியும்? அன்று மாலை கடைக்குப் போகலாம் என்று இடுப்பு வாரை எடுத்தேன். கறுப்பு வார், வெள்ளை முடி முளைத்துச் செல்லப் பிராணி போல மெத்தென்று இருந்தது. செருப்பு பச்சையாகிவிட்டது. என் ஓய்வுபெறும் விழாவில் வாரியத்தார் எனக்குப் போட்ட சால்வையை விரித்தால், வாரியத்தின் சின்னத்தைச் சுற்றி இன்னொரு சின்னம் வளர்ந்திருந்தது. அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன்.

கடைத்தெரு முனையில் பெயிண்ட் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த வியாதியைச் சொன்னாலும் அவரிடம் அதற்கு ஒரு டப்பா இருக்கும். "வினிகரைத் தெளிச்சு ஒரு மணி நேரம் விட்டுத் துடைங்க சார்" என்றார். வாங்கி வந்து தெளித்தோம். வீடு முழுக்க ஊறுகாய் ஜாடிக்குள் குடியிருப்பது போல வாடை. பூசணம் கொஞ்சம் வெளுத்தது, என் மனைவி நிறையத் தும்மினாள். மறுபடி போனேன். "பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு அடிங்க, சாம்பலாப் போயிடும்" என்றார். இரண்டு அதிகாரிகளை ஒரே கோப்பில் உட்கார வைத்தால் வேலை சீக்கிரம் நடக்குமே என்று நான் என் அனுபவத்தில் யோசித்து, வினிகர் காய்வதற்கு முன்பே அதன் மேல் பிளீச்சிங் கரைசலை ஊற்றினேன். (பெண்ணே, இதை விட்டுவிடு.) கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கொட்டுகிற மழையில் வாசலுக்கு ஓடி, ஒரே குடைக்குள் இருமிக்கொண்டு நின்றோம். கல்யாணமான புதிதில்கூட ஒரே குடையில் இவ்வளவு நேரம் நாங்கள் நின்றதில்லை. பிறகு கடைக்காரரிடம் போய்ச் சொன்னதும் அவர் முகம் வெளிறிப்போய், "ரெண்டையும் சேத்தீங்களா? அது விஷப் புகை சார்! உயிரோட நிக்கிறீங்களே, அதுவே பெரிசு" என்றார். அதை டப்பாவைக் கொடுக்கும்போதே சொன்னால் என்ன என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே" என்றார். புகார்ப் பிரிவில் நான் எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருக்கிறேன் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் சொன்னபடி பூசணத்தின் மேலேயே வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். சுவர் பளிச்சென்று ஆனது. நான் உடனே உங்களுக்குப் போன் செய்து "சுவரை வெள்ளையா மாத்திட்டோம், மன்னிக்கணும்" என்று சொன்னேன், நீங்கள் அதற்கும் "அப்படியா, சந்தோஷம்" என்றீர்கள். பத்து நாளில் பூசணம் பெயிண்டையும் போர்த்திக்கொண்டு, முன்னைவிட உற்சாகமாக வெளியே வந்தது. அடுத்தது உப்பு. கிண்ணம் கிண்ணமாகக் கல்லுப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் ஈரத்தை இழுக்கும் என்றார்கள். இழுத்தது உண்மை. என் மனைவிக்குத் தும்மல் அதிகமாகி அவள் படுத்திருந்த அன்று நான் சமைக்கிறேன் என்று வீரமாகக் கிளம்பி, சமையலறையில் உப்பு தீர்ந்துபோயிருக்கவே, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக் குழம்பில் கொட்டிவிட்டேன். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுல என்னங்க கட்டில் வாசனை அடிக்குது?" என்று கேட்டாள். அந்த மூக்கை நான் இத்தனை வருஷம் மதிக்காமல் இருந்திருக்கிறேன்.

அந்த மூக்கும் அந்தக் கண்ணும்தான் கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தன. உங்கள் சமையலறை ஜன்னல் ஒன்று சரியாக மூடாது, நினைவிருக்கிறதா? கதவு வளைந்து ஒரு விரல் இடைவெளி எப்போதும் இருக்கும். உங்கள் உத்தரவுப்படி எல்லா ஜன்னலும் மூடியிருக்க, இது ஒன்று மட்டும் கீழ்ப்படியாமல் இருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அட்டையை வெட்டி, பசை போட்டு, ஒரு துளி காற்று வராமல் அடைத்துவிட்டேன். அடுத்த வாரமே அந்தச் சுவரிலும் பச்சை! என் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுலயே இது ஒண்ணுதாங்க சுத்தமா இருந்த சுவர். எதனால சுத்தமா இருந்துச்சு? ஜன்னல் மூடல. காத்து வந்துச்சு. நாம உள்ளயே கொதிக்க வைக்கிறோம், உள்ளயே துணி காயப் போடறோம், நீங்க வேற ஓயாம பேசறீங்க. அந்த ஈரமெல்லாம் எங்க போகும்?"

"மேகம் உள்ள வந்துடும்னு சம்பந்தி..."

"மேகம் வந்தா போயிடும். இது போகாது."

அன்றைக்கே ஜன்னல்களைத் திறந்தாள். மழை விட்ட நேரத்தில் திறப்பது, மழை வந்தால் மூடுவது, துணியைத் தாழ்வாரத்தில் உலர்த்துவது, கொதிக்கிற பாத்திரத்தை மூடி வைப்பது, சாமான்களைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுவது. எல்லாவற்றையும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தேய்த்துக் கழுவிக் காயவிட்டோம். மேகம் வந்தது உண்மைதான். ஒரு நாள் காலை கூடத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்று, சமையலறை வழியாகப் போய்விட்டது. எங்கள் சொந்தக்காரர்களைவிட நாகரிகமாக நடந்துகொண்டது. சுவர்கள் ஒவ்வொன்றாகத் தேறின, என் மனைவியின் தும்மலும் குறைந்தது.

உள்ளறை மட்டும் தேறவில்லை. சம்பந்தி, இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். இத்தனை நேரம் சுற்றி வளைத்தது, இந்த இடத்துக்கு வரப் பயந்துகொண்டுதான்.

உள்ளறையில் வெளிச்சுவரோடு ஒட்டி, பூட்டிய மரப் பீரோ ஒன்று இருக்கிறதே, சம்பந்தியம்மாவுடையது. வாடை அதிலிருந்துதான் வந்தது. கதவு இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு போல எட்டிப் பார்த்தது. நான் உங்களுக்குப் போன் செய்தேன். நாம் பேசியது அப்படியே நினைவிருக்கிறது.

"சம்பந்தி, அந்த உள்ரூம் பீரோ..."

"ம்."

"சுவரோட ஒட்டி இருக்கு..."

"ஆமா. அவ வச்ச இடம். அது அப்படியே இருக்கட்டும் சம்பந்தி."

"கண்டிப்பா சம்பந்தி, அப்படியேதான் இருக்கும். அங்க மழை எப்படி?"

"இங்க மழை இல்ல."

"சந்தோஷம்."

போனை வைத்துவிட்டு நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பெண்ணிடம் கேட்டால் அவளும் மெதுவான குரலில், "அப்பா, அந்தப் பீரோவைப் பத்திப் பேச்செடுத்தாலே மாமா எழுந்து வெளிய போயிடுவாரு. தயவுசெஞ்சு தொடாதீங்க" என்கிறாள். தொட்டால் உங்கள் மனம் நோகும், எங்களை நம்பி வீட்டைக் கொடுத்த உங்கள் முகத்தில் நாங்கள் விழிக்க முடியாது, எங்கள் பெண் உங்கள் வீட்டில் தலை குனிய வேண்டி வரும். தொடாவிட்டால் உள்ளே இருப்பது எதுவானாலும் அழுகிப் போகும். "அவர் தொடக் கூடாதுங்கிறாரு. அது தானாப் போயிட்டிருக்குங்க. நாளைக்கு ஒரு நாள் அவரே மனசு வந்து திறந்து பாத்தா, உள்ள என்ன இருக்கும்? பக்கத்துல இருந்துட்டு நாம சும்மா பாத்துக்கிட்டு இருந்தோம்னு ஆகிடும்" என்றாள் என் மனைவி. நாங்கள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

கடைசியில் ஒன்று நடந்தது. சுவரைத் துடைப்பதற்காக மட்டும், நாங்கள் இருவரும் பீரோவை மெதுவாக, மரியாதையாக, ஒரு கை அகலம் முன்னால் நகர்த்தினோம். பின்பலகை ஈரத்தில் ஊறி மாவாகப் போயிருந்ததால் தானாகவே கழன்று விழுந்துவிட்டது. பூட்டு பூட்டியபடியே இருக்கிறது சம்பந்தி, சத்தியமாக நாங்கள் தொடவில்லை. முன்கதவு இன்றுவரை திறக்கப்படவில்லை.

உள்ளே கைப்பைகள். தோல், துணி, சணல், பெரிசு, சின்னது என்று ஒரு கடை வைக்கிற அளவுக்கு. எல்லாவற்றின் மேலும் வெள்ளை ரோமம். பார்த்ததும் எனக்கு நம் பிள்ளைகளின் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் உங்கள் கண்ணாடியைக் காணோம் என்று இரண்டு வீட்டு ஜனமும் நாற்காலிக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருக்க, சம்பந்தியம்மா அலட்டிக்கொள்ளாமல் பையைத் திறந்து இன்னொரு கண்ணாடியை எடுத்து உங்கள் மூக்கில் மாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாரே. அன்று நான் அதை வித்தை என்று நினைத்துச் சிரித்தேன்.

அவற்றை அப்படியே விடவும் முடியாது, அள்ளி எறியவும் முடியாது. அதிர்ஷ்டவசமாக மறுநாள் வெயில் அடித்தது. எல்லாப் பைகளையும் வெளியே கொண்டுபோய், தூரிகையால் தட்டி, துணியால் துடைத்து, வேலி நெடுக மாட்டிவிட்டோம். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள் நேராக உள்ளே வந்து, "இந்தச் சிவப்பு என்ன விலை?" என்று கேட்டார். நான் "இது விற்பனைக்கில்லை, காயப் போட்டிருக்கு" என்றேன். "கைப்பையைத் துவைச்சீங்களா?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் மனைவி பாய்ந்து வந்து அந்தப் பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது நான் அண்ணிக்கு வாங்கிக் கொடுத்தது" என்றாள். கல்யாணம் முடிந்து முதல்முறை உங்கள் வீட்டுக்கு வந்தபோது கொடுத்தாளே, அது. சம்பந்தியம்மா அதை வெளியே எடுத்துக்கொண்டு போனாரா, சும்மா வாங்கி வைத்துவிட்டாரா என்று அவளுக்கு இத்தனை நாளும் ஒரு குறை இருந்தது. பையின் கைப்பிடி தேய்ந்திருந்தது. அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

காய வைப்பதற்காகப் பைகளின் வாயைத் திறந்தோம். உங்கள் அனுமதி இல்லாமல்தான் திறந்தோம், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு பையிலும், சம்பந்தி, கைக்குட்டையில் சுற்றிய ஒரு கண்ணாடிக் கூடு. ஒவ்வொரு கூட்டிலும் உங்கள் கண்ணாடி ஒன்று. எந்தப் பையோடு கிளம்பினாலும் நீங்கள் கண்ணாடியைத் தொலைப்பீர்கள் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை! நாங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, முதலில் சிரித்தோம். அப்புறம் சிரிக்கவில்லை.

பெண்ணே, அடுத்ததை விட்டுவிடாதே. உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பழைய பைகளில் கண்ணாடி மட்டும்தான் இருந்தது. அந்தச் சிவப்புப் பையிலும், அதற்குப் பிறகு வாங்கியவை போலத் தெரிந்த புதுப் பைகளிலும், கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் சுருட்டி ரப்பர் வளையம் போட்ட பாலிதீன் பை ஒன்றும், ஒரு பொட்டலம் புளிப்பு மிட்டாயும் இருந்தன. மலைப்பாதையில் வளைவு வந்தால் உனக்கு வயிற்றைப் புரட்டும் என்பது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். கல்யாணமாகிப் போன வீட்டில் அதைச் சொல்ல வெட்கப்படுவாய், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடக்கிக்கொண்டு போவாய் என்று நான் எத்தனை நாள் கவலைப்பட்டிருக்கிறேன் தெரியுமா? ஒருவர் கேட்காமலே பார்த்து, சொல்லாமலே பையில் எடுத்து வைத்திருக்கிறார். நான் வேலிப் பக்கம் திரும்பி நின்று அழுதேன் சம்பந்தி. புகார்ப் பிரிவில் எல்லாரும் வந்து அழுவார்கள், நான் அழுதது கிடையாது. அவர் இருந்தபோது இதற்கு நான் நன்றி சொல்லவில்லை, எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது உங்களிடம் சொல்கிறேன். எங்கள் பெண்ணை அப்படிப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஏற்பாடுகள். பைகள் நன்றாகக் காய்ந்துவிட்டன, அதே வரிசையில் திரும்ப அடுக்கிவிட்டோம். பீரோவுக்குக் காற்றுப்போகத் துளையிட்ட புதுப் பின்பலகை அடித்தாயிற்று. வீட்டில் இனி எங்கேயும் பூசணம் கிடையாது, ஒரு பொட்டுகூட. உங்கள் கண்ணாடிகள் அத்தனையையும் துடைத்து, பஞ்சு வைத்து ஒரு பெட்டியில் போட்டு இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். பீரோ விஷயத்தில் உங்கள் வார்த்தையை மீறும்படி ஆகிவிட்ட பிறகு இங்கே தொடர்ந்து தங்க எங்களுக்கு முகமில்லை. வெள்ளிக்கிழமை கிளம்பி என் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போகிறோம். சாவி பெயிண்ட் கடைக்காரரிடம் இருக்கும். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மேல் வருத்தம் இருந்தால் எங்களோடு போகட்டும், பெண்ணிடம் காட்ட வேண்டாம்.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் மனம் நிறைந்த ஆசிகள். நீங்கள் நீண்ட ஆயுளோடும், காய்ந்த சுவர்களோடும், காணாமல் போகாத கண்ணாடியோடும் வாழ வேண்டும்.

என்றும் உங்கள் நன்றி மறவாத,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். கீழே உள்ளது அவள் எதிரில் நின்று சொல்லச் சொல்ல நான் எழுதுவது. என் கருத்து எதுவும் இதில் கலக்கவில்லை.

"அண்ணா, பின்பலகை தானா ஒண்ணும் விழல. நான்தான் திருப்புளி வச்சு ஒவ்வொரு திருகாணியாக் கழட்டினேன். இவரு தாழ்வாரத்துல திரும்பி நின்னுக்கிட்டு, 'நான் பாக்கல, எனக்குத் தெரியாது'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கோபம் இருந்தா என் மேலதான் இருக்கணும். நேர்ல வந்து திட்டுங்க.

"பூசணம் போயிடுச்சுன்னு எழுதினதும் பொய். குளியலறைக் கூரையில இன்னைக்குக் காலையில மறுபடியும் வந்திருக்கு. அது வந்துக்கிட்டேதான் இருக்கும், நாம துடைச்சுக்கிட்டேதான் இருக்கணும். அதனால வெள்ளிக்கிழமை நாங்க எங்கயும் போகல. என் தங்கச்சிக்கு இவரு வர்றதே தெரியாது, தெரிஞ்சா வீட்டைப் பூட்டிக்கிட்டுப் போயிடுவா. அப்படியே இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும்னு நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னது போதும்.

"கண்ணாடி எதையும் அனுப்பல. பெட்டியை இவருகிட்டருந்து பிடுங்கி வச்சுட்டேன். அதெல்லாம் அண்ணி உங்களுக்காக எடுத்து வச்சது, தபால்காரர் கையில வாங்கற சாமான் இல்ல. நீங்க மலை ஏறி வாங்க. எது உங்க கண்ணுக்கு இப்பப் பொருந்துதுன்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்க. பொருந்துற கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இந்தக் கடிதத்தை நீங்களே ஒரு தடவை படிங்க. இவரு 'விட்டுவிடு'ன்னு எழுதினதையும் சேத்து.

"வரும்போது பொண்ணையும் கூட்டிக்கிட்டு வாங்க. பாதையில வளைவு ஜாஸ்தி. பையில இருந்த புளிப்பு மிட்டாயெல்லாம் ஈரத்துல கரைஞ்சு போச்சு அண்ணா. இந்தத் தடவை நீங்கதான் வாங்கிட்டு வரணும்."